1 டிபி போட்டதாகச் சொன்னார்கள், 465 ஜிபிதான் காட்டுகிறது. மீதி எங்கே?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விஷயம் அவருடைய அக்காவின் லேப்டாப். உள்ளே இருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்து, விண்டோஸ் திறக்கவே பத்து நிமிடம் ஆகியிருக்கிறது. புதுச்சேரியில் ஒரு கடையில் கொடுத்து 1 டிபி எஸ்எஸ்டி மாற்றியிருக்கிறார்கள். பழைய ஃபைல்கள் எல்லாம் அப்படியே வந்துவிட்டன, கையோடு விண்டோஸ் 11-உம் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். வேகம் நன்றாக இருக்கிறதாம். ஆனால் சி டிரைவ் மொத்தமே 465 ஜிபி என்று காட்டுகிறது. அதிலும் 330 நிறைந்துவிட்டது என்கிறது. ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகக் கூட்டினால் 250-ஐத் தாண்டவில்லை. “அண்ணே, கடைக்காரர் பாதி டிஸ்க்கை முழுங்கிட்டாரா? பஸ் ஏறி வந்து சண்டை போடலாமா?” என்பது கேள்வி.

தம்பி, பஸ் ஏறுமுன் ஒரு பத்து நிமிடம் அந்த லேப்டாப் முன் உட்காருங்கள். உங்கள் கேள்வியிலேயே முக்கால்வாசி பதில் இருக்கிறது, 465 என்ற அந்த எண்ணில். பதினெட்டு வருடமாகப் புதுச்சேரியில் இதே வேலையைச் செய்கிறேன். இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு இரண்டு சாத்தியங்கள்தான் தோன்றுகின்றன. ஒன்று, 500 ஜிபி டிஸ்க்கைப் போட்டுவிட்டு 1 டிபிக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். அல்லது 1 டிபி டிஸ்க்தான் உள்ளே இருக்கிறது; பழைய 500 ஜிபியை அச்சு அசலாக அதில் க்ளோன் அடித்துவிட்டு, மீதிப் பாதியைத் திறந்துவிட மறந்திருக்கிறார்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் இரண்டாவதுதான். நானே அப்படி மறந்து கொடுத்திருக்கிறேன். லாஸ்பேட்டையிலிருந்து ஒரு ஆசிரியை மறுநாள் காலையிலேயே வந்து, கடை ஷட்டர் முழுசாகத் தூக்குவதற்குள் “சார், பாதிதான் இருக்கு” என்றார். அன்றிலிருந்து லேப்டாப்பைக் கொடுக்குமுன் டிஸ்க் அளவை அவர்கள் கண்ணாலேயே பார்க்கவைத்துத்தான் அனுப்புகிறேன்.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் கடைக்காரரிடம் பேசும்போது இது உதவும். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் அப்படி எண்ணுவதில்லை. 1024-ஐ மூன்று தடவை பெருக்கினால் வரும் 1,07,37,41,824 பைட்டைத்தான் அது ஒரு ஜிபி என்கிறது. 500 ஜிபி டிஸ்க்கில் உண்மையில் சுமார் 50,010 கோடி பைட் இருக்கும். அதை விண்டோஸின் படியால் அளந்தால் 465.76 வரும். நம்ம பக்கம் நிலம் வாங்கப் போகிறவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே நிலத்தை ஊர்ப் பெரியவர் ஒரு காணி என்பார், பாண்டிக்காரர் 100 குழி என்பார், பத்திரத்தில் 1.32 ஏக்கர் என்று இருக்கும். வரப்பு எங்கேயும் நகர்ந்துவிடவில்லை. டிஸ்க்கிலும் அதே கதை. குழப்பம் தீர 1998-லேயே சர்வதேசத் தர அமைப்பு 1024 கணக்குக்கு ‘கிபிபைட்’, ‘கிபி’ என்று தனிப் பெயர்கள் வைத்துவிட்டது. விண்டோஸ் இன்னும் அந்தப் பெயரைத் தொடாமல், 1024 கணக்கையும் ஜிபி என்றே எழுதிக்கொண்டிருக்கிறது. ஆப்பிள் 2009-ல் தன் கணினிகளில் ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டது. அதனால் ஒரே வெளி டிஸ்க்கை மேக்கில் சொருகினால் 1 டிபி, விண்டோஸில் சொருகினால் 931 ஜிபி.

இதில் உங்களுக்கு வேண்டியது ஒரு சின்ன வாய்ப்பாடு. பெட்டியில் போட்ட அளவை 0.93-ஆல் பெருக்கினால் விண்டோஸ் காட்டும் அளவு வந்துவிடும். 120 ஜிபி என்றால் 111, 240 என்றால் 223, 256 என்றால் 238, 480 என்றால் 447, 500 என்றால் 465, 512 என்றால் 476, 1 டிபி என்றால் 931, 2 டிபி என்றால் 1863. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கைரேகை மாதிரி. 931 காட்டவேண்டிய இடத்தில் 900 என்று வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை, ஏதோ ஒரு பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைத் தடுத்துப் பிரித்த ஒரு பகுதி, தனியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சரியாக 465 என்று வந்தால், எங்கேயோ ஒரு 500 ஜிபி டிஸ்க் இந்தக் கதைக்குள் இருக்கிறது. உங்கள் கதையில் அது அக்காவின் பழைய டிஸ்க்காக இருக்கலாம், கடையில் போட்ட டிஸ்க்காகவும் இருக்கலாம்.

எது என்று பார்க்க, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ‘டிஸ்க் 0’ என்பதைத் தொட்டால், வலதுபுறம் மேலே டிஸ்க்கின் மாடல் பெயரும், கீழே கெப்பாசிட்டி என்ற வரியும் இருக்கும். சி டிரைவின் அளவை விட்டுவிடுங்கள், அது பார்ட்டிஷனின் அளவு. இந்த கெப்பாசிட்டி வரி முழு டிஸ்க்கின் அளவு. அங்கே 932 ஜிபி போல (முழு எண்ணாக்கிக் காட்டுவதால் 931, 932 ஆகும்) இருந்தால் கடைக்காரர் சொன்னபடிதான் போட்டிருக்கிறார், பாதியைத் திறந்துவிட மறந்துவிட்டார், அவ்வளவே. 466 ஜிபி என்று இருந்தால் அது வேறு பேச்சு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

932 என்றே வைத்துக்கொள்வோம். இப்போது விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும், அதில் டிஸ்க் மேனேஜ்மென்ட். திறந்ததும் கீழ்ப்பாதியில் டிஸ்க் 0 என்ற வரியில் வரிசையாகக் கட்டங்கள் தெரியும். அக்காவின் லேப்டாப்பில் அநேகமாக இப்படி இருக்கும்: முதலில் 100 எம்பிக்கு ஒரு சின்னக் கட்டம், அது விண்டோஸைக் கிளப்புவதற்கானது. அடுத்து சி, 465 ஜிபி. அதன் வலதுபக்கம் சில நூறு எம்பிக்கு ரெக்கவரி பார்ட்டிஷன். கடைசியில் மேலே கருப்புப் பட்டை போட்டு ‘அன்அலோகேட்டட்’ என்று எழுதிய 465 ஜிபி கட்டம். அந்தக் கருப்புப் பட்டைதான் நீங்கள் தேடுகிற மீதி.

க்ளோன் அடிக்கும்போது இது ஏன் நடக்கிறது? க்ளோன் மென்பொருள் பழைய டிஸ்க்கை முதல் செக்டாரிலிருந்து (செக்டார் என்பது டேட்டா எழுதப்படும் சின்னத் துண்டு) கடைசி செக்டார் வரை அப்படியே நகல் எடுக்கிறது. எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பும் அந்த நகலில் அடக்கம். பழைய வீட்டு வரைபடத்தை இரண்டு மடங்கு பெரிய மனையில் வைத்துக் கட்டினால், வீடு பழைய அளவிலேயே எழும்பும், மீதி மனை காலியாகக் கிடக்கும். நல்ல மென்பொருள்களில் ‘புதிய டிஸ்க்குக்கு ஏற்ப நீட்டு’ என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட மறந்தாலோ, பழைய டிஸ்க்கில் கெட்ட செக்டார் இருப்பதால் பத்திரமாக நேர் நகல் எடுத்தாலோ பாதிதான் வரும். உங்கள் டிஸ்க் கரகரத்தது என்று சொன்னதால் இரண்டாவது காரணத்தைத்தான் சந்தேகிக்கிறேன். சாகப்போகிற டிஸ்க்கிலிருந்து முதலில் டேட்டாவைக் காப்பாற்றுவதுதான் முக்கியம். அந்த மட்டில் கடைக்காரர் செய்தது சரி.

இனி அந்த இடத்தைப் பயன்படுத்துவது. சி மேல் வலது கிளிக் செய்து ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ என்பதைத் தேடுங்கள். அநேகமாக அது சாம்பல் நிறத்தில் மங்கி, தொட முடியாமல் இருக்கும். காலி இடம் சி-க்கு ஒட்டினாற்போல் வலதுபுறத்தில் இருந்தால்தான் விண்டோஸ் நீட்டிக்கொடுக்கும். நடுவில் அந்த ரெக்கவரி பார்ட்டிஷன் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. நிறையப் பேர் இங்கேதான் சிக்கி, ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்து, நாலு மாதம் கழித்து விண்டோஸ் திறக்காமல் போகும்போது சரிசெய்ய வழியில்லாமல் என்னிடம் கொண்டுவருகிறார்கள். அந்தச் சின்னக் கட்டத்தில்தான் விண்டோஸ் தன்னைத்தானே பழுது பார்க்கும் கருவிகள் இருக்கின்றன. அழிக்காமலேயே அதை வலதுபக்கக் கடைசிக்கு நகர்த்தும் மென்பொருள்கள் உண்டு. லினக்ஸ் பென் டிரைவிலிருந்து ஓடும் ஜிபார்டெட் அதில் ஒன்று, இலவசம். ஆனால் பார்ட்டிஷனை நகர்த்தும் நடுவே கரண்ட் போய் பேட்டரியும் கைவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மாற்றுப் பிரதி எடுத்துவைக்காமல் அதில் இறங்காதீர்கள்.

என் யோசனை இன்னும் எளிது. சி-யைத் தொடவே வேண்டாம். கருப்புப் பட்டைக் கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘நியூ சிம்பிள் வால்யூம்’ கொடுத்து, கேட்கும் எல்லாவற்றுக்கும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போங்கள். ஒரு நிமிடத்தில் டி டிரைவ் பிறந்துவிடும். அக்காவின் போட்டோ, வீடியோ, ஆபீஸ் ஃபைல் எல்லாவற்றையும் அதில் கொண்டுபோய் வையுங்கள். நாளைக்கு விண்டோஸ் கெட்டுப்போய் ஃபார்மட் அடித்தாலும் டி தப்பித்துவிடும். நம்ம ஊரில் எந்த லேப்டாப் வாங்கினாலும் முதல் வேலையாக “சி, டி, ஈன்னு பிரிச்சுக் குடுங்க” என்று கேட்கிறார்களே, வெளியூர்க்கார இன்ஜினியர்கள் சிரிப்பார்கள். எஸ்எஸ்டி காலத்தில் பிரிப்பதால் வேகம் ஒன்றும் கூடாது, உண்மைதான். ஆனால் விண்டோஸை மாற்றிப் போடுகிறவர் யாரென்றே தெரியாத ஊரில், டேட்டா தனி அறையில் இருப்பது நல்லதுதான் என்பது என் கட்சி. ஒரு டிஸ்க்கே மொத்தமாகச் செத்தால் சி-யும் டி-யும் சேர்ந்தே போகும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குள் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திறந்தவுடனே ‘டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும்’ என்று ஒரு பெட்டி வந்தாலோ, ஏதாவது டிரைவைத் தொட்டதும் ‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று வந்தாலோ, அதில் முன்பு டேட்டா இருந்திருந்தால் கேன்சல் கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள். விண்டோஸுக்குப் புரியாத டிஸ்க் எல்லாம் அதன் கண்ணுக்குக் காலி டிஸ்க்தான். தமிழ்நாடு அரசு 2011-லிருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் (ஓஎஸ்) சேர்த்தே வந்தது; மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கியது அது. லினக்ஸ் இருக்கும் பார்ட்டிஷனை விண்டோஸ் படிக்காது, ‘திஸ் பிசி’யில் அது தெரியவே தெரியாது. நெல்லிக்குப்பத்துப் பையன் ஒருவன் அந்த இடத்தைக் காணோம் என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் தேடிக் கண்டுபிடித்து, பெயரில்லாத அந்தக் கட்டத்தை அழித்துவிட்டான். இடம் கிடைத்தது. அடுத்த தடவை ஆன் செய்ததும் கருப்புத் திரையில் எழுத்துகள் வந்து நின்றுவிட்டன, ஏனென்றால் எந்த ஓஎஸ்ஸில் போகவேண்டும் என்று கேட்கும் பட்டியலே அந்த லினக்ஸ் பக்கம்தான் இருந்தது. டேட்டா போகவில்லை, அரைமணி நேர வேலைதான், ஆனாலும் அவன் முகம் அன்று வெளிறிப் போயிருந்தது.

சரி, இப்போது இரண்டாவது கேள்வி. 330 நிறைந்திருக்கிறது, கூட்டினால் 250. நடுவில் 80 ஜிபி எங்கே? இதற்கும் கடைக்குப் போன கதைக்கும் சம்பந்தம் இருக்கிறது.

விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்தார்கள் என்றீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் இப்போது எல்லாக் கடையிலும் நடக்கிற வேலை இது. அப்படி மேலே ஏற்றும்போது பழைய விண்டோஸ் முழுவதும் ‘விண்டோஸ் டாட் ஓல்ட்’ என்ற ஃபோல்டருக்குள் நகர்த்தப்படும். பிடிக்கவில்லை என்றால் திரும்பிப்போக வசதியாக வைத்திருக்கிறார்கள். பத்து நாள் கழித்து தானாகவே அழிந்துவிடும் என்பது விதி. லேப்டாப் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்றால் அது இன்னும் 20, 30 ஜிபியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் முந்தைய விண்டோஸ் என்ற வரி இருக்கும், டிக் போட்டு நீக்கலாம். நீக்குமுன் அக்காவின் பிரிண்டர், பேங்க் டோக்கன் எல்லாம் 11-ல் ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத ஃபைல்கள். லேப்டாப்பை ஹைபர்னேட்டில் போடும்போது ரேமில் உள்ளதை எழுதிவைக்க ஒரு ஃபைல், வழக்கமாக ரேமில் 40 சதவீத அளவுக்கு. 16 ஜிபி ரேம் என்றால் அதுவே ஆறரை ஜிபி. ரேம் போதாதபோது உபயோகிக்க இன்னொன்று. விண்டோஸ் தன் அப்டேட்டுக்காக ஒதுக்கிவைத்துக்கொள்ளும் இடம் கிட்டத்தட்ட 7 ஜிபி. சிஸ்டம் ரெஸ்டோருக்காக எடுத்துவைத்த பழைய நிலைகள் தனி. இவை எல்லாம் நியாயமான செலவுகள், இவற்றோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

நான் முதலில் தேடுவது வேறு ஒன்றை. பழைய டிஸ்க்கில் கெட்ட செக்டார் இருந்தபோது விண்டோஸ் திறக்கும்போதே செக் டிஸ்க் என்று சதவீதம் ஓடியிருக்கும், அக்காவைக் கேட்டுப் பாருங்கள், “ஆமாம், ஒருநாள் ராத்திரி முழுக்க ஓடிச்சு” என்பார். அப்போது தலையும் வாலும் தெரியாமல் மீட்ட துண்டுகளை எல்லாம் சி டிரைவில் ‘ஃபவுண்ட் 000’ என்று ஒரு மறைவான ஃபோல்டரில் விண்டோஸ் கொட்டிவைக்கும். சில சமயம் ஒன்றிரண்டு எம்பி, சில சமயம் பத்து இருபது ஜிபி. க்ளோன் அடித்ததால் அந்தக் குப்பையும் புது டிஸ்க்குக்குக் குடிவந்திருக்கும். அக்காவின் ஃபைல் எதுவும் காணாமல் போகவில்லை என்று உறுதி செய்துகொண்டபின் அதை அழிக்கலாம்.

இன்னொன்று கடைக்காரர்கள் வழக்கம். முன்ஜாக்கிரதையாக டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாவற்றையும் ‘பேக்கப்’ என்று ஒரு ஃபோல்டரில் முதலில் நகல் எடுத்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் அதை அழிக்கத் தயங்குவார்கள், அழித்தால் பொறுப்பு அவர்கள் தலையில் வருமே. எனவே ஒரே கல்யாண வீடியோ இரண்டு இடத்தில் இருக்கும். சில நேரம் பழைய யூசர் பெயரில் ஒரு ஃபோல்டர் அப்படியே இருக்கும். வேறு யூசரின் ஃபோல்டருக்குள் உங்களுக்கு அனுமதி இல்லாததால், ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் அளவு பூஜ்யம் என்று காட்டும். நீங்கள் கூட்டிய கணக்கில் துண்டு விழுவதற்கு இதுவும் பெரிய காரணம்.

கையால் கூட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் விஸ்ட்ரீ, விண்டர்ஸ்டாட் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் மறைந்திருப்பவை உட்பட எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்கிறது என்று படம் போட்டுக் காட்டிவிடும். அதில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்று ஒன்று மிகப் பெரிதாகத் தெரியலாம். அதில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரே ஃபைலுக்கு இரண்டு வாசல் வைத்ததுபோல் அதில் பல ஃபைல்கள் இணைக்கப்பட்டிருப்பதால், உண்மையான அளவைவிட அது பெரிதாகத் தெரியும்.

இப்போது கெட்ட சேதிக்கு வருவோம். டாஸ்க் மேனேஜரில் 466 ஜிபி என்று இருந்தால்? அப்போதும் உடனே குரலை உயர்த்த வேண்டாம். பில்லை எடுத்து டிஸ்க்கின் மாடல், சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் சீரியல் எண்ணும், அது மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதும் வந்துவிடும். புது டிஸ்க் என்றால் அந்த மணிக்கணக்கு சொற்பமாக இருக்கவேண்டும். ஒரு வருடத்துக்கு 8,760 மணி. 18,000 மணி ஓடியதாகக் காட்டுகிற டிஸ்க் இரவு பகல் நிறுத்தாமல் இரண்டு வருடம் எங்கேயோ உழைத்துவிட்டு வந்திருக்கிறது. புதிது என்று விற்றிருந்தால் அங்கேயே விஷயம் முடிந்தது. அந்தத் திரையைப் போட்டோ எடுத்து, பில்லோடு கடைக்குப் போங்கள். நிஜமாகவே பெட்டி மாறிப்போனதும் உண்டு, மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் கடலூரிலும் புதுச்சேரியிலும் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டத்தின்கீழ், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை.

உங்கள் கேள்வி இல்லை, ஆனால் இதே தலைப்பில் என்னிடம் அதிகம் வருவது இன்னொரு வகை: ரிப்பேருக்குப் பின் டி டிரைவ் முழுசாகவே காணோம். ஒரு எஸ்எஸ்டியும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து வரும் லேப்டாப்களில் இது சகஜம். எஸ்எஸ்டியில் விண்டோஸ், ஹார்ட் டிஸ்க்கில் டேட்டா. கீபோர்டோ கீலோ மாற்றக் கழற்றியவர், ஹார்ட் டிஸ்க்கின் பட்டைக் கேபிளைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார், அல்லது அது முழுசாக உட்காராமல் இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க் 1 என்ற வரியே இல்லை, பயாஸிலும் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங்ஸ் திரை) காட்டவில்லை என்றால் மென்பொருளில் தேடிப் பிரயோஜனமில்லை, கழற்றித்தான் பார்க்கவேண்டும். வரி இருந்து, எழுத்து மட்டும் இல்லை என்றால், வலது கிளிக் செய்து டி என்ற எழுத்தைக் கொடுத்தால் உயிர் வந்துவிடும்.

கடலோரத்தில் இருக்கிற நமக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லை. உப்புக் காற்று. சில்வர் பீச்சுக்குப் பக்கத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து வாழும் வீட்டு லேப்டாப்களைத் திறந்தால், கனெக்டர் முனைகள் மங்கிப்போயிருக்கும், சிலதில் பச்சை பூத்திருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அதற்கடுத்த மூன்று மாதமும் இப்படித்தான் வந்துகொண்டிருந்தன. நனைந்தபோது காயவைத்து ஓட்டிவிட்டார்கள், அப்புறம் மெல்ல மெல்ல டிஸ்க் தோன்றுவதும் மறைவதுமாக ஆகியது. தங்க முலாம் பூசிய முனையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் துடைத்துப் போட்டதில் பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டன.

ரிப்பேரில் மதர்போர்டையே மாற்றியிருந்தால் மட்டும் கவனம். பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு போட்ட டிஸ்க் என்றால், சாவி பழைய போர்டில் இருந்த சிப்பில் இருக்கும். புது போர்டில் ஆன் செய்ததும் நீலத்திரையில் 48 இலக்க எண் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால் அது இருக்கலாம். அதைத் தேடாமல் கடையில் ஃபார்மட் அடிக்கச் சொல்லிவிட்டால் டேட்டா திரும்பாது. இப்போதெல்லாம் புது விண்டோஸ் 11-ல் கேட்காமலேயே இந்தப் பூட்டு விழுகிறது, அக்காவின் அந்த 48 இலக்க எண்ணை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

கடைசியாக, பழைய டிஸ்க்கைக் கடையிலிருந்து வாங்கினீர்களா? கேள்வியில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை. அது கரகரத்தாலும் அதில் அக்காவின் ஆதார் நகலிலிருந்து சம்பளச் சீட்டு வரை எல்லாம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள், கேட்டு வாங்கிவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி பெட்டியில் போட்டுச் சொருகினால், க்ளோன் என்பதால் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் இருக்கும், ஒன்றை விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ என்று நிறுத்திவைக்கும். டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் பெயர்மேல் வலது கிளிக் செய்து ஆன்லைன் கொடுத்தால் போதும். புது டிஸ்க்கில் எல்லா ஃபைலும் திறக்கிறதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு, அப்புறம் பழையதை என்ன செய்வதென்று யோசிக்கலாம்.